பூதக்கண்ணாடியும் மகளின் காரும்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதலாளி மட்டும் மரியாதைக்காகக் கடைசியில் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார். பூதக்கண்ணாடி சார். அதில் மரியாதை கூடியதா குறைந்ததா என்று அவர் ஆராய்ந்ததில்லை. ஆராய்வதற்கு அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

காரின் மேல் விழுந்த மெல்லிய கீறல்களைத் தேய்த்து எடுத்து, மங்கிப்போன பெயிண்டுக்குப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது அவர் தொழில். வண்டி உள்ளே வந்ததும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். வெளிச்சத்தை நேராக அடிக்க மாட்டார். நேராக அடித்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். சாய்வாக, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கதவின் ஓரத்திலிருந்து பார்க்கவேண்டும். அப்போது தெரியும், அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த சிலந்தி வலைக் கோடுகளும், சாவி உரசிய தடமும், எவனோ கைப்பையை வைத்து இழுத்த வரியும். சொந்தக்காரர் 'எங்கே, எங்கே' என்று தேடிக்கொண்டிருக்கும்போது இவர் சாக்பீஸால் வட்டம் போட்டு முடித்திருப்பார்.

இது வேலைக்கு நல்ல கண். வீட்டுக்கு ஆகாத கண். அதுதான் கோளாறு.

மைத்துனர் புது வீடு கட்டிக் கூப்பிட்டார். போனவர் வரவேற்பறைச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "பூச்சு அலையடிக்குது மச்சான்" என்றார். மனைவி ஒரு புடவை எடுத்து வந்தால் ஓரத்தில் நூல் பிரிந்த இடத்தை அவர் விரல் தானாகப் போய்த் தொடும். மகள் ஒன்றாம் வகுப்பில் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். வீடு, மரம், பக்கத்தில் கைகோத்து மூன்று பேர். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மூலையில கலர் கோட்டுக்கு வெளியே போயிருக்கு பாரு பாப்பா" என்றார். குழந்தை அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. நொட்டை சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் கிடையாது. அவர் கணக்கில் குறையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, அதைச் சரிசெய்து கொடுப்பது மீதிப் பாதி. காரில் இரண்டு பாதியும் அவர் கையில் இருந்தது. மனிதர்களிடத்தில் முதல் பாதியோடு ஆள் எழுந்து போய்விடுகிறார்கள், இரண்டாவது பாதிக்கு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இது அவருக்குப் புரிய மகளுக்குக் கல்யாண வயது வரவேண்டியிருந்தது.

மகளுக்கு வெளியூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. "அப்பா, கொஞ்சம் வெளியே வாங்களேன்!"

வந்து பார்த்தார். கருநீலத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. பழையது, ஆனால் கழுவித் துடைத்து வைத்திருந்தது. மகள் பக்கத்தில் நின்றுகொண்டு கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரோட வண்டி?"

"என்னோடதுப்பா. செகண்ட் ஹேண்ட்தான்."

ஒரு நிமிஷம் மனிதருக்குப் பேச்சே வரவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கியது. அவர் ஆயுசு பூராவும் அடுத்தவர் வண்டியைத்தான் தேய்த்திருக்கிறார். ஒரு சைக்கிளைத் தவிர அந்த வாசலில் அவர்கள் வீட்டு வண்டி என்று எதுவும் நின்றதில்லை. அப்படியே சும்மா நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் பேச்சு வந்துவிட்டது.

"யாரு பாத்து வாங்கினது?"

"நானேதான்ப்பா."

"அதான் தெரியுதே."

மகள் முன்கதவைத் திறந்து பிடித்தாள், அப்பா ஏறி உட்காரட்டும் என்று. அவர் குனிந்தார். உட்காருவதற்கல்ல. திறந்த கதவின் விளிம்பைப் பார்ப்பதற்கு. விளிம்பில் பெயிண்ட் தடித்திருந்தது. உள்ளே போய்க் கைவிளக்கோடு திரும்பினார். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கூரையில பூரா வலைக்கோடு. கார் கழுவற மெஷின்ல விட்டிருக்கான். இங்க பாரு, பெட்ரோல் மூடிகிட்ட சாவி கீறல். பானெட்டுல கல் தெறிச்சது. இந்தக் கதவு ஒரிஜினலே இல்லம்மா, மறுபெயிண்ட். உள்ளுக்குள்ள பட்டி பூசி மேல அடிச்சிருக்கான். எங்கயோ நல்லா அடி வாங்கின வண்டி. உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

மகள் முகத்தில் ஈயாடவில்லை. மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு போயிட்டுத்தான் வாங்களேன். பிள்ளை ஆசையா வந்திருக்கா."

"போலாம் போலாம். இந்தப் பக்கம் இன்னும் பாக்கலையே."

அந்தப் பக்கத்தையும் பார்த்து முடித்தபோது மகள் வீட்டுக்குள் போயிருந்தாள். சாயங்காலம் வரை இருப்பதாக வந்தவள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டாள். அந்த ரவுண்டு கடைசிவரை போகவே இல்லை.

கார் தெருமுனை திரும்பியதும் மனைவி பாத்திரத்தை அலம்புகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அவர் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இப்ப என்ன தப்பா சொல்லிட்டேன்? இருக்கறதைத்தானே சொன்னேன்."

"இருக்கறதைத்தான் சொன்னீங்க. அவ உங்ககிட்ட சொல்ல வந்ததைத்தான் சொல்லாம போயிட்டா."

"என்ன சொல்ல வந்தா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கூட வேலை பாக்கற பையனாம். நல்ல மாதிரியாம். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்காங்களாம். உங்களை கார்ல கூட்டிட்டுப் போயி, வழியில சொல்லலாம்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வந்திருக்கா."

"சொல்ல வேண்டியதுதானே! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"காரையே இந்தப் பாடு படுத்தினீங்க. ஒரு மனுஷனைக் கூட்டிட்டு வந்தா என்ன பாடு படுத்துவீங்கன்னு அவளுக்குத் தெரியாதா?"

அன்றைக்கு வெகுநேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் பட்டறையில் நடந்ததைச் சொன்னால் மகள் நம்பமாட்டாள். எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்து, "என் பொண்ணு சொந்தமா கார் வாங்கிட்டா, யார்கிட்டயும் கேக்கலை, அவளே பாத்து வாங்கிட்டா" என்று ஆள் ஆளாகப் போய்ச் சொன்னார். சொல்லவேண்டிய ஆளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் சொன்னார்.

வருத்தம் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போனை எடுத்தார். "பாப்பா, வண்டியை ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போ. நான் சரி பண்ணித் தரேன்."

பக்கத்தில் நின்ற மனைவி கிசுகிசுத்தாள். "அந்தப் பையனை வரச் சொல்லுங்க. வண்டி கிடக்குது."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "வண்டியை முடிச்சுக் குடுத்துட்டு அதைப் பேசிக்கலாம். அப்பத்தான் அவளும் சந்தோஷமா இருப்பா."

அடுத்த ஞாயிறு மகள் வந்து சாவியைக் கொடுத்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "ரொம்ப ஒண்ணும் பண்ணாதீங்கப்பா. எனக்கு அது இப்படியே பிடிச்சிருக்கு" என்றாள். அவர் சிரித்தார். எல்லா வாடிக்கையாளரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள்.

பட்டறைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வண்டியை உள்ளே விட்டார். வாடிக்கையாளர் வண்டிக்குச் செய்வதைவிட ஒரு படி மேலாகவே செய்தார். இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக் கழுவினார். ஒட்டியிருந்த தார்ப்புள்ளிகளைக் களிமண் மாதிரியான கட்டியால் நீவி நீவி எடுத்தார். விளிம்புகளிலும் ரப்பர் பட்டைகளிலும் டேப் ஒட்டினார். விளிம்பில்தான் பெயிண்ட் மெலிந்திருக்கும். பாலிஷ் போடும் மெஷின் அங்கே ஒரு கணம் நின்றாலும் போதும், காரியம் கெட்டுவிடும். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அரிச்சுவடியில் இன்னொன்றும் உண்டு. பாலிஷ் போட்டால் கீறல் மறைகிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கீறல் எங்கும் போவதில்லை. அதைச் சுற்றியிருக்கிற நல்ல பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு பளபளப்பும் மேல்பூச்சில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் வரும். அதனால் நகத்தை வைத்து நெருடிப் பார்க்கவேண்டும். நகம் மாட்டினால் அந்தக் கீறலை விட்டுவிடவேண்டும். 'இதோட இருக்கட்டும் சார், தொட்டா வம்பு' என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு அவர் புத்தி சொல்லியிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் வண்டி ஆளே மாறிவிட்டது. கருநீலம் அப்படியொரு ஆழத்துக்குப் போயிருந்தது. கூரையில் பட்டறையின் டியூப் லைட் வளையாமல் நெளியாமல் தெரிந்தது. தூர நின்று பார்த்தார். மகள் வந்து பார்க்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தார். அப்போது வாயைத் திறந்து, 'அந்தப் பையனைக் கூட்டிட்டு வாம்மா, பார்ப்போம்' என்று சொல்லவேண்டும் என்றும் நினைத்தார். இல்லை, 'பார்ப்போம்' வேண்டாம். 'கூட்டிட்டு வாம்மா' போதும்.

அதோடு மெஷினை அணைத்திருக்கலாம். பானெட்டின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கீறல், விரல் நீளம்கூட இல்லை, இன்னும் தெரிந்தது. சாய்வாகப் பார்த்தால்தான் தெரிந்தது. அதாவது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. நகத்தை வைத்தார். லேசாக மாட்டியது. கை அரித்தது. வாடிக்கையாளர் வண்டியென்றால் விட்டுவிடலாம், இது நம் பாப்பா வண்டியல்லவா? கீறலின் ஒரு நுனி டேப்புக்கு அடியில் போயிருந்ததால் டேப்பை உரித்தார். திரும்ப ஒட்டவேண்டும். ஒரே ஒரு தடவைதானே என்று ஒட்டாமல் மெஷினை வைத்தார். இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒன்று.

மெஷின் முனையில் வெள்ளையாக இருந்த பஞ்சு வட்டில், மேல்பூச்சைத் தாண்டி நீலம் ஏறியதைக் கண் பார்த்தது. கை நிற்பதற்குள் நீலம் போய்ச் சாம்பல் வந்துவிட்டது.

அணைத்தார். விளிம்பில் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு இளித்தது. தொழிலுக்கு வந்த புதிதில்கூட அவர் கையால் ஒரு வண்டிக்கு இப்படி நடந்ததில்லை. வேறொருவன் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். அப்படியே தரையில் உட்கார்ந்து அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் பட்டறைப் பெயிண்டர் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் நின்றார். "அண்ணே, நீங்களா?" அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். பானெட்டை முழுதாகப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஆனால் வெயிலில் கிடந்து பழகிய பழைய நீலத்துக்குப் புது நீலம் எப்படி ஒட்டும்? நிழலில் ஒட்டியது. வெயிலுக்கு வந்தால் நிறத்தில் அரை மாற்று வித்தியாசம் தெரிந்தது.

மகள் வந்தாள். வண்டி வெயிலில்தான் நின்றது. சுற்றி வந்தவள் பானெட்டின் முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்றாள். அவர் மகளாயிற்றே, கண் போகாமல் இருக்குமா?

"பானெட் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. அதான் புதுசாவே அடிச்சுட்டேன்" என்றார். நாள் கணக்கில் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள்.

அந்த 'நல்லா இருக்கு' பொய் என்று அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். இன்றைக்கு அவளுக்குச் சொல்லப் பழகிப்போயிருந்தது. அந்தப் பையனைப் பற்றிய வார்த்தை தொண்டை வரை வந்தது. பானெட்டைக் கெடுத்துவிட்டு, அதை மறைக்க ஒரு பொய்யும் சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு அதைக் கேட்பது? மென்று விழுங்கிவிட்டார். "ஒரு மாசத்துக்கு மெழுகு போட்டுடாதே, புதுப் பெயிண்ட் மூச்சு விடணும்" என்றார். மகள் தலையாட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் அந்த வண்டி அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அம்மாவுக்குத்தான் போன் வந்தது. இருவரும் போனார்கள். போகிற வழியெல்லாம் மனைவி கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், "தயவுசெஞ்சு அங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க." மாப்பிள்ளை நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார். வெட்கமோ பயமோ, பேசும்போது தரையைப் பார்த்தே பேசினார். பார்த்த மாத்திரத்தில் இவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் வாயைத் திறந்தால் பிடித்ததற்குப் பதிலாக வேறு ஏதாவது வந்து தொலைக்கும் என்று அன்றைக்கு முழுவதும் வாயையே திறக்கவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மகள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டாள். பேசியும் கெடுத்தார், பேசாமலும் கெடுத்தார்.

பிறகு மகள் மாதம் ஒரு தடவை வந்து போனாள். பஸ்ஸில், தனியாக. "மாப்பிள்ளை வரலையா?" என்று அம்மா கேட்பாள். "அவருக்கு வேலைம்மா." ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்படி என்ன வேலை என்று இவர் கேட்டதில்லை. கேட்டால் அதுவும் ஒரு நொட்டையாகிவிடும்.

போன தடவை அவள் வந்திருந்தபோது வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. வழக்கமான கடை அடைத்திருந்ததால் இரண்டு தெரு தள்ளிப் போனார். அங்கே ஒரு வீட்டு மதிலோரமாக, கொஞ்சூண்டு நிழலில், கருநீலக் கார் நின்றது. பானெட் மட்டும் அரை மாற்றுத் தூக்கலாக இருந்தது. அந்த அரை மாற்றை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும்.

உள்ளே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பொட்டலமும். இன்றைக்கு நேற்றுக் காத்திருக்கிற ஆள் இல்லை, காத்திருந்து பழகிய ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது.

இவரைக் கண்டதும் மாப்பிள்ளை பதறியடித்துக்கொண்டு இறங்கினார். புத்தகம் கீழே விழுந்தது. "மாமா... நீங்களா... வாங்க மாமா." சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து, பின்கதவின் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். எதற்காக அங்கே போய் நிற்கிறார் என்று இவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்த நீளமான கீறல் கண்ணில் பட்டது. நகமே வேண்டாம், விரலே உள்ளே போகும் போலிருந்தது.

"நான்தான் மாமா இடிச்சேன். ஒரு கம்பம். அவ ஒண்ணும் பண்ணலை."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னிடமிருந்து மறைக்க ஒரு மனிதன் தன் சட்டையை அழுக்காக்கிக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறதே.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, வண்டின்னா கீறல் விழத்தான் செய்யும்" என்றார். ஆயுசில் முதல் தடவையாக அப்படிச் சொன்னார். "வெயில்ல என்ன இது, வீட்டுக்கு வாங்க."

"வரேன் மாமா. இன்னொரு நாள். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." மாப்பிள்ளை பணிவாகத்தான் சொன்னார். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

"சரி. என்னைப் பாத்தேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி நடந்தார். பாதித் தூரம் வந்த பிறகுதான் பால் வாங்கவில்லை என்று ஞாபகம் வந்தது. மறுபடி அந்தத் தெருவுக்குப் போக மனமில்லாமல் வேறு வழியாகச் சுற்றிப் போய் வாங்கி வந்தார்.

வீட்டில் அம்மாவும் மகளும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்போதுதான் வழக்கமான கேள்வியைக் கேட்டு, "அவருக்கு வேலைம்மா" என்கிற வழக்கமான பதிலை வாங்கியிருந்தாள்.

அவர் பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். "பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுப்பா. ஜன்னலோரமே கிடைச்சுது."

ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதில் நிழல் இந்நேரம் காரை விட்டுப் போயிருக்கும். தகரக் கூரைக்கு அடியில் மனிதன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான்? அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் காபியைக் குடித்து முடித்ததும் எழுந்துவிட்டார். "கிளம்பும்மா, நேரமாச்சு."

"இப்பத்தானேப்பா வந்தேன். ஏன் துரத்துறீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தது. சொன்னால் அடுத்த மாதம் கார் இன்னும் நாலு தெரு தள்ளி நிற்கும்.

"பஸ் போயிடும்மா" என்றார்.